சமர்த்துக் குழந்தை

குற்றாலம் போய் வந்தவர்களைக் கண்டால் நாம் என்ன கேட்போம்? "ஐந்தருவியில் தண்ணீர் எப்படி? பெரிய அருவியில் கூட்டம் எப்படி? மங்குஸ்தான் என்ன விலை?" என்றுதானே? நானும் ஆனிக் கடைசியில் நாலு நாள் சாரலில் நனைந்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆனால் சகோதரிகளே, இந்த வாரம் அருவியைப் பற்றி எழுதப் பேனா ஓடவில்லை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு மாத்திரை குறுக்கே வந்து நிற்கிறது.

சீஸன் சமயத்தில் குற்றாலத்தில் ஜாகை கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆகையால் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளித் தென்காசியிலேயே, பள்ளிக்கூட நாள் சிநேகிதி ஒருத்தி வீட்டில் போய் இறங்கினோம். காசி விசுவநாதர் கோபுர வாசலில் நுழையும்போது முகத்தில் மோதுமே ஒரு காற்று, அது அவள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வரும். பேத்தி எடுத்துவிட்ட இந்த வயதிலும் எங்களுக்குள் "ஏட்டி"தான்.

பேத்திக்கு இரண்டரை வயது. தாழ்வாரத்தில் ஒரு மரப்பாச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வைத்த இடத்தில் இருந்தாள். என்னைக் கண்டு மிரளவும் இல்லை, ஓடி வரவும் இல்லை. "சமர்த்துட்டி அவ. இருக்கிற இடம் தெரியாது" என்று பெருமையோடு சொன்னாள் சிநேகிதி. இரண்டரை வயதுப் பிள்ளை இருக்கிற இடம் தெரியாமல் இருக்குமா? எனக்கு என்னவோ போலிருந்தது. விருந்தாளியாகப் போன இடத்தில் வாயைத் திறக்கலாமா? பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் பெரிய அருவிக்குப் போனோம். பெண்கள் பக்கத்தில் குழந்தைகள் போட்ட கூச்சல் அருவிச் சத்தத்தையே அமுக்கிற்று. திவலை மேலே பட்டதும் ஒன்று வீரிட்டு அழும். ஒன்று இன்னும் வேண்டுமென்று திமிறும். நம் சமர்த்தோ துண்டுக்குள் சுருண்டு தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் அம்மா, சிநேகிதியின் மருமகள், மெல்ல என் பக்கம் நகர்ந்தாள்.

"சித்தி, பிள்ளை ஒரு மாசமா இப்படித்தான் இருக்கா. மூணு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போறா. ராத்திரி எட்டு மணிக்குப் படுத்தா காலைல ஒம்பதுக்கு நாமதான் எழுப்பணும். மாத்திரையை நிறுத்தி ஆறு வாரமாச்சு. அத்தை வேண்டாம்னு சொல்லுதாங்க."

"என்ன மாத்திரை?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. குழந்தைக்குப் பிறவியிலேயே தைராய்டுக் குறைவாம்.

பிறந்தபோது மூன்று கிலோ. குறை சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரியில் அழாது. பாலுக்குக்கூட நாம்தான் எழுப்ப வேண்டும். வந்தவர்களெல்லாம், "கொடுத்து வைத்தவள் நீ!" என்று தாயைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை கொஞ்சம் இருந்தது. பிறந்த குழந்தைகளுக்கு அது சகஜம்தானே என்று முற்றத்தில் காலை வெயிலில் காட்டிவந்தார்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாமல் இருக்கவே, பதினெட்டாம் நாள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பதினெட்டாம் நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் தொண்டைக்கு முன்னால் வண்ணாத்திப் பூச்சி இறகு விரித்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. தைராய்டு என்று பெயர். வயிற்றில் சிசு உருவாகும்போது இது முதலில் நாக்கின் அடியில் தோன்றி, பிறகு மெதுவாகக் கழுத்துக்கு இறங்கி வரவேண்டும். சில குழந்தைகளுக்கு அது உருவாகவே உருவாகாது. சிலருக்கு வருகிற வழியிலேயே தங்கிவிடும். இன்னும் சிலருக்குச் சுரப்பி சரியான இடத்தில் இருந்தும், சரக்குத் தயாரிக்கத் தெரியாது. சரக்கு என்றது தைராக்ஸினை. உடம்பில் எலும்பு நீள, சூடு தங்க, குடல் அசைய, எல்லாவற்றுக்கும் மேலாக மூளை வளர, இந்தத் தைராக்ஸின் வேண்டும். மூளையின் பெரும் பகுதி வளர்ச்சி முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. அப்போது கிடைக்காத தைராக்ஸினை ஐந்து வயதில் கூடை கூடையாகக் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை.

இதில் ஒரு தந்திரம் பாருங்கள். தாயின் தைராக்ஸின் கொஞ்சம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால் பிறக்கும்போது இப்படிப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் மற்றக் குழந்தைகளைப் போலவேதான் இருக்கும். அம்மா கொடுத்த சீதனம் தீரத் தீரத்தான் அறிகுறிகள் எட்டிப் பார்க்கும்: போகாத மஞ்சள், மலச்சிக்கல், கரகரத்த அழுகை, பெரிய நாக்கு, துருத்திய தொப்புள், குளிர்ந்த வறண்ட தோல், எந்நேரமும் தூக்கம். இவையெல்லாம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற வரை காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும். 1972-ம் வருஷத்தில் அமெரிக்காவில் க்ளைன் என்ற டாக்டரும் அவர் சகாக்களும் ஒரு கணக்குப் பார்த்தார்கள். மூன்று மாதத்துக்குள் வைத்தியம் தொடங்கிய குழந்தைகளின் புத்தி அளவு சராசரி 89. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கியவர்களுக்கு 70 சுமார். அதற்கும் பிந்தியவர்களுக்கு 54. சாதாரண மனிதரின் சராசரி 100. இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களோடு சரிசமமாக நிற்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது? கனடாவில் க்யூபெக் மாகாணத்தில் ழான் துஸோல் என்ற டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் ஒற்றி உலர்த்திச் சோதனைச் சாலைக்கு அனுப்பினால் போதும். 1974-ம் வருஷத்தில் இந்தச் சோதனை அங்கே தொடங்கிற்று. இன்று பல தேசங்களில் ஒரு குழந்தையும் தப்பாமல் செய்கிறார்கள். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-ம் வருஷத்திலிருந்து சில ஆண்டுகள் சென்னை உள்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிசுக்களைச் சோதித்தது. சுமார் 1,130 குழந்தைக்கு ஒன்று என்று கண்டார்கள். மேல்நாடுகளில் இரண்டாயிரம் மூன்றாயிரத்துக்கு ஒன்றுதான். வருஷத்துக்கு மூவாயிரம் பிரசவம் பார்க்கிற ஓர் ஆஸ்பத்திரி என்றால் இரண்டு மூன்று குழந்தை! செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சோதனை செய்ய ஒரு திட்டமே வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பிரசவம் என்றால் நீங்களே வாய் விட்டுக் கேட்டுவிடுங்கள்: "தைராய்டுக்கு ரத்தம் எடுத்தாச்சா?" தொப்புள் கொடி ரத்தத்திலும் பார்க்கலாம், இல்லையென்றால் பிறந்த இரண்டு மூன்று நாளில் குதிகாலில் எடுக்கலாம். பிறந்த முதல் நாளில் எல்லாக் குழந்தைக்கும் அந்த எண் தானாகவே ஏறியிருக்கும். அதனால்தான் சற்றுப் பொறுத்து எடுப்பது.

மருந்து ஒன்றும் புதிது அல்ல. 1891-ம் வருஷத்திலேயே இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்பவர் ஆட்டின் தைராய்டைச் சாறெடுத்துத் தைராய்டு வற்றிய ஓர் அம்மாளுக்கு ஊசி போட்டார். அந்த அம்மாள் அதற்கப்புறம் 28 வருஷம் இருந்தாளாம்! 1914-ல் கென்டல் என்பவர் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-ல் ஹாரிங்டனும் பார்ஜரும் ஆடு மாடு எதுவும் வேண்டாமல் சோதனைச் சாலையிலேயே அதைச் செய்துவிட்டார்கள். ஆகவே நாம் கொடுக்கிற மாத்திரை, உடம்பு தானே சுரக்க வேண்டியதற்குப் பதில் கொடுப்பதே ஒழிய, அன்னியச் சரக்கு அல்ல.

இதையெல்லாம் அன்று ராத்திரி திண்ணையில் சிநேகிதியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் லேசில் மசிகிறவளா?

"ரெண்டரை வருஷம் ஒரு நாள் தவறாமக் கொடுத்தாச்சுட்டி. பிள்ளை நடந்தா, பேசினா, ஓடினா. நல்லாயிருக்கிற பிள்ளைக்கு என்னத்துக்கு மாத்திரை? ஒவ்வொரு தடவை போகையிலும் டாக்டர் அளவைக் கூட்டிக்கிட்டே போறாரு. வியாதி குறைஞ்சா மருந்து குறையணுமா, கூடணுமா? அதோட பொம்பளைப் பிள்ளை. நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாரு வந்து கேப்பா?"

நியாயமான கேள்விகள்தான் என்று நினைக்கிறேன். நானும் அவளும் ஒரே காலத்துப் பேர்வழிகள். காய்ச்சல் விட்டால் மருந்தை விடுவது என்று பழகியவர்கள். மருமகளும் பட்டப்படிப்புப் படித்தவள்தான். ஆனாலும் மாமியார் வார்த்தையை மீறி ஒரு மாத்திரையைக் கொடுக்க முடியவில்லை. இதில் யாரைக் குற்றம் சொல்வது?

நான் டாக்டர் அல்ல. அதனால் மறுநாளே எல்லோருமாக பஸ் ஏறிப் பாளையங்கோட்டையில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் போனோம். அந்தப் புண்ணியவதி கோபிக்கவே இல்லை. முதலில் குழந்தையை நிறுத்து, அளந்து, பழைய அட்டையில் இருந்த கோட்டைக் காட்டினார். "பாருங்கம்மா. பிறந்தப்போ 50 சென்டிமீட்டர். ஒரு வயசில் 75. ஐந்தாம் மாசம் எடை இரட்டிப்பாச்சு, ஒரு வயசில் மூணு மடங்கு. இரண்டாம் மாசம் முகம் பார்த்துச் சிரிச்சா. நாலாம் மாசம் கழுத்து நின்னுது. பதிமூணாம் மாசம் நடந்தா. எந்தக் குழந்தையும் இப்படித்தானே வளரும்? நோய் போயிட்டதாலே இப்படி வளரலை. மருந்து இருந்ததாலே வளர்ந்தா."

கூட்டுகிற விஷயத்துக்கும் அவரே பதில் சொன்னார். பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் வரை வேண்டும். ஒரு வயதுக்கு மேல் கிலோவுக்கு ஐந்து ஆறு போதும். கணக்குப்படி கிலோவுக்கான அளவு இறங்கிக்கொண்டேதான் வருகிறது. குழந்தையின் எடை ஏறுவதால் மொத்தம் மட்டும் கூடுகிறது. பாவாடை அளவு கூடுவது மாதிரி! அதற்காகத்தான் முதல் ஆறு மாதம் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை, அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மூன்று வயது வரை மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்ப்பது. குறைந்தால் மந்தம். கூடினாலும் தொல்லைதான்: வயிற்றோட்டம், வியர்வை, ஓயாத பரபரப்பு, ரொம்ப நாள் கூடியே இருந்தால் மண்டை ஓட்டின் பொருத்துகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளலாம்.

மருமகள், "நான் அயோடின் உப்புத்தானே சாப்பிட்டேன் டாக்டர்? கிரகணத்தன்னிக்கு வெளியே வந்ததாலயா?" என்று கண் கலங்கக் கேட்டாள். பாவம், இத்தனை நாள் மனசில் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கஸ்வாமியும் அவர் கூட்டாளிகளும் 1956-ம் வருஷம் தொடங்கி உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுத்து, ஊர் ஊராய்க் கழுத்துக் கழலை குறைவதைக் காட்டினார்கள். அது மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் இல்லாத குறை. நம் தூத்துக்குடி உப்பில் அயோடின் சேர்த்து வருவதும் அந்தக் குறைக்காகத்தான். அது கட்டாயம் வேண்டியதே. ஆனால் சுரப்பியே இல்லாத குழந்தைக்கு உப்பு என்ன செய்யும்? அடுப்பே இல்லாத வீட்டில் விறகை அடுக்கின மாதிரிதான். கிரகணமும் காரணமில்லை, பப்பாளியும் காரணமில்லை, தாயின் மேல் ஒரு துளி குற்றமும் இல்லை. ஒன்றைத்தான் டாக்டரம்மா குறிப்பாகக் கேட்டார்: "சொந்தத்தில் கல்யாணமா?" சுரப்பி இருந்தும் சரக்குத் தயாராகாத வகை, சொந்தத்தில் மணந்தவர்களின் குழந்தைகளுக்குச் சற்று அதிகமாம். அந்த வகையானால் அடுத்தடுத்த குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வரக்கூடும். பிறந்த உடனே பார்த்துவிட வேண்டும்.

கல்யாணக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் வந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு வளர்ந்த பெண்கள் மற்றவர்கள் உயரமே வளர்கிறார்கள், படிக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். கர்ப்பமானதும் டாக்டரிடம் சொல்லி அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். குறைவு ரொம்பக் கடுமையாக இருந்த சில குழந்தைகளுக்கு, சீக்கிரம் வைத்தியம் செய்தும், கவனம் நிற்பதிலோ ஞாபகத்திலோ கொஞ்சம் பின்தங்கல் இருக்கலாம். சிலருக்குக் காது மந்தமாகலாம். ஆகவே பேச்சுத் தாமதித்தால் காதைச் சோதிக்க வேண்டும். பள்ளியில் சேர்த்த பிறகும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

இனி, உங்களில் யார் வீட்டிலாவது இந்த மாத்திரை இருந்தால், அதைக் கொடுக்கிற விதம்: இரண்டு கரண்டிகளுக்கு நடுவே நசுக்கி, கொஞ்சம் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து, சங்கிலோ பாலாடையிலோ உடனே புகட்டிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மொத்தமாகப் பொடித்து வைக்காதீர்கள். பால் புட்டி முழுவதிலும் கலக்காதீர்கள். குழந்தை பாதிப் புட்டியில் தூங்கிவிட்டால் பாதி மருந்துதான் போயிருக்கும். தினம் ஒரே நேரத்தில் கொடுங்கள். இரும்புச் சத்து டானிக்கும் கால்சியமும் இதோடு சேரக்கூடாது. நாலு மணி நேரமாவது தள்ளிக் கொடுக்க வேண்டும். சோயா மாவில் செய்த பாலும் மருந்தைச் சேரவிடாது. கொடுத்த உடனே கக்கிவிட்டால் மறுபடி கொடுக்கலாம். தென்காசிச் சாரல் காலத்தில் உப்பு ஜாடியே கசிகிறதே, மாத்திரை கசியாதா? மூடி இறுகின புட்டியில், அடுப்பங்கரை சூட்டுக்கும் குழாயடி ஈரத்துக்கும் தள்ளி வையுங்கள்.

மாலையில் ரத்தச் சோதனை முடிவு வந்தது. டி.எஸ்.எச். என்று ஓர் எண். மூளையிலிருந்து தைராய்டை, "சுரக்கிறாயா இல்லையா?" என்று அதட்டுகிற குரல் அது. சுரப்பு இல்லாவிட்டால் அதட்டல் ஏறும். முன்பு 3 இருந்தது. இப்போது 80-க்கு மேல்!

டாக்டரம்மா சிநேகிதியைப் பார்த்துச் சொன்னார்: "சில குழந்தைகளுக்கு இது தற்காலிகமாக இருக்கும். அதனாலே மூணு வயசு ஆனதும் நானே நாலு வாரம் நிறுத்திப் பார்த்து, ரத்தம் எடுத்து, முடிவு பண்ணலாம்னு இருந்தேன். மூளை வளர்ச்சியில பெரும்பகுதி முடிகிற வரைக்கும்தான் காத்திருந்தேன். நீங்க ஆறு மாசம் முந்திக்கிட்டீங்க. இனிமே நிறுத்திப் பார்க்க வேண்டாம்மா. இது வாழ்நாள் பூரா வேணும்னு தெரிஞ்சு போச்சு."

திரும்புகையில் பஸ்ஸில் சிநேகிதி வாயே திறக்கவில்லை. ஆலங்குளம் தாண்டிற்று. பாவூர்சத்திரம் வருகிறபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, இந்த ஆறு வாரத்துல பிள்ளைக்கு ஏதும் பாதகம் ஆயிருக்குமா?" என்றாள். டாக்டரம்மா என்னிடம் தனியே சொன்னதை அப்படியே சொன்னேன்: வேகமான வளர்ச்சிக் காலத்தில் இரண்டரை வருஷம் தவறாமல் மருந்து கிடைத்திருக்கிறது, அநேகமாகத் தேறிவிடுவாள், ஆனாலும் மூன்று வயதிலும், பள்ளியில் சேர்க்கும்போதும் சோதித்துப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலை அடுக்களையில் கரண்டியோடு கரண்டி உரசுகிற சத்தம் கேட்டு விழித்தேன். சிநேகிதிதான் நசுக்கிக்கொண்டிருந்தாள். பால் காய்ச்ச வந்த மருமகளைப் பார்த்து, "இரு, அரை மணி கழிச்சுப் பால் கொடுக்கலாம்" என்று உத்தரவு வேறு!

ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. நேற்று தென்காசியிலிருந்து போன். டி.எஸ்.எச். இறங்கி வந்துவிட்டதாம். பேச்சின் நடுவே என்னவோ உருண்டு விழுகிற சத்தம். யாரோ ஓடுகிற சத்தம். மருமகள் அதட்டுகிற சத்தம்.

"என்னட்டி அங்கே?" என்றேன்.

"மரப்பாச்சியைக் கிணத்துக்குள்ள போட்டுட்டா. சமர்த்தெல்லாம் போச்சுட்டி" என்றாள் சிநேகிதி. அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.